சமையலறை அலமாரிகள்: வண்ணம் பூசினால் போதுமா, மாற்ற வேண்டுமா? முழுமையான வழிகாட்டி

சமையலறை அலமாரிக் கதவுகள் மங்கி, கைப்பிடிகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஓரங்களில் மைக்கா பிரியத் தொடங்கியதும் வீட்டில் இரண்டு கருத்துகள் எழுவது வழக்கம். நன்றாகத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்பார் ஒருவர்; எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிய மாடுலர் கிச்சன் போட்டுவிடலாம் என்பார் மற்றொருவர். இருவருமே பெரும்பாலும் கதவுகளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியின் உறுதியும், அந்தப் பெட்டியைத் தொடும் தண்ணீரும்தான் இந்த முடிவைத் தீர்மானிக்கின்றன. பெட்டி நன்றாக இருந்தால் கதவு எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் அதைச் சரிசெய்ய வழி உண்டு. பெட்டி ஊறிப்போயிருந்தால், அதன்மேல் அடிக்கும் பெயிண்டுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

கடற்கரைக் காற்றின் ஈரம், தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம், நாள்தோறும் தாளிப்பதால் எழும் எண்ணெய்ப் புகை ஆகியவற்றைத் தாங்க வேண்டிய தமிழ்நாட்டுச் சமையலறைகளை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். பெரும்பாலான சோதனைகளுக்கு ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது போதும். ஒரு டார்ச், ஸ்க்ரூடிரைவர், நீளமான ஸ்டீல் ஸ்கேல், அளவு டேப், குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சரையோ மாடுலர் நிறுவனத்தாரையோ அழைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. விற்க வருபவர் வீட்டுக்குள் வந்த பிறகு நிதானமாகப் பார்ப்பது கடினம்.

முதல் படி: எதனால் செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டின் பழைய வீடுகள் பலவற்றில் சமையல் மேடைக்குக் கீழே மரப்பெட்டியே இருக்காது. செங்கல் இடைச்சுவர்களும் கடப்பா கல் தட்டுகளும்தான் அங்கே அலமாரி. முன்பக்கத்தில் மரச்சட்டம் பொருத்தி, அதில் கதவுகளை மாட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் இந்த அமைப்பு இருந்தால் முடிவு ஏறக்குறைய இப்போதே கிடைத்துவிட்டது. கடப்பா கல்லைக் கரையான் அரிப்பதில்லை, தண்ணீர் பட்டால் அது ஊதுவதில்லை, மேடையின் கிரானைட்டையும் அதுவே தாங்குகிறது. அதை உடைத்துவிட்டு அதன் இடத்தில் பலகைப் பெட்டி வைக்கலாம் என்று யோசனை சொல்பவர்களுக்கு உடன்படாதீர்கள். இழுப்பறைகள் கட்டாயம் வேண்டுமென்றாலும், ஓர் அறையின் கல் தட்டை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு இடைச்சுவர்களுக்கு நடுவே இழுப்பறைக் கூடு ஒன்றைப் பொருத்திக்கொள்ள முடியும். எனவே உங்களுக்கு எஞ்சியிருப்பது கதவுகளையும் சட்டத்தையும் பற்றிய கேள்வி மட்டுமே.

பெட்டி பலகையால் ஆனதென்றால், என்ன பலகை என்று பார்க்க வேண்டும். கீலுக்காகத் துளையிட்ட இடத்திலோ, குழாய் நுழைவதற்காக வெட்டிய துளையிலோ, அலமாரியின் பின்பக்க விளிம்பிலோ டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை ஒட்டாத வெட்டுமுகம் அங்கேதான் தெரியும். மெல்லிய மரத்தாள்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரச்செதில்களை அழுத்திச் செய்ததுபோல் சொரசொரப்பாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவை அழுத்தியதுபோல் ஒரே சீராக, பழுப்பாக இருந்தால் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வகை.

பிளைவுட்டிலும் வேறுபாடு உண்டு. கமர்ஷியல் பிளை என்று கடைகளில் விற்கும் எம்ஆர் (ஈரம் தாங்கும்) ரகம் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்படுவது. காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட மரைன் ரகம் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்படுவது; 72 மணிநேரம் கொதிநீரில் வைத்தும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. பழைய ரசீது இருந்தால் தேடி எடுங்கள். பசைக்கோட்டின் நிறத்தை வைத்து ரகத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். சாயம் கலப்பது எளிது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தேக்கில் செய்த கதவுகளும் சட்டங்களும் இருந்தால் அவற்றை எடைக்குப் போடும் எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். பல அடுக்கு எனாமலுக்கு அடியில் இருப்பது தேக்கு என்பதை வீட்டிலிருப்பவர்களே மறந்துவிடுவதுண்டு. கதவின் மேல்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள்.

இரண்டாம் படி: பெட்டியைச் சோதியுங்கள்

அலமாரியிலுள்ள பாத்திரங்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். மற்ற பெட்டிகள் அனைத்தும் நன்றாக இருந்து இது ஒன்று மட்டும் கெட்டுப்போவது சாதாரணம். அதற்காக முழுச் சமையலறையையும் மாற்றத் தேவையில்லை.

அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும், கழிவுக்குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றியும், சுவரை ஒட்டிய பக்கத்திலும் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து அழுத்துங்கள். நல்ல பலகையில் சிறு தடம் மட்டும் விழும். முனை உள்ளே இறங்கினாலோ, பலகை செதில் செதிலாக உதிர்ந்தாலோ அந்தப் பலகை இத்துப்போய்விட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதன் செதில்களுக்கிடையிலான பிணைப்பு விட்டுப்போயிருக்கும், திருகாணி பிடிக்காது. அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் ஊதல் மீண்டும் வெளியே தெரியும்.

அடுத்து ஸ்டீல் ஸ்கேலை நடுத்தட்டுகளின்மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் தட்டு தொய்ந்திருக்கிறது. தொய்வு மட்டும் இருந்தால் அது பெரிய குற்றம் அல்ல. தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, முன்விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும். மூன்றடிக்கு மேல் நீளமான தட்டென்றால் நடுவில் ஒரு தாங்கு கொடுக்க வேண்டும். பெட்டியின் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாகவோ, சில மில்லிமீட்டர் மட்டுமே வேறுபட்டோ இருந்தால் பெட்டி கோணல் ஆகவில்லை. வேறுபாடு அதற்கு மேலிருந்தால் இணைப்புகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். அப்படிப்பட்ட பெட்டியில் எந்தக் கதவை மாட்டினாலும் நேராக நிற்காது.

கீல்கள் ஆடுகின்றனவா என்று ஒவ்வொரு கதவையும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். பிளைவுட்டில் திருகாணித் துளை பெரிதாகியிருந்தால், அதில் மரப்பசை தடவிய மரக்குச்சியை இறுக அடித்து, காய்ந்தபின் மீண்டும் முடுக்கலாம். பார்ட்டிகிள் போர்டில் இந்த வைத்தியம் நெடுநாள் நிற்காது; கீலின் இடத்தையே இரண்டு அங்குலம் தள்ளி மாற்ற வேண்டும். மேல் அலமாரிகளைச் சுவரில் பிடித்திருக்கும் திருகாணிகளைத் தனியாகக் கவனியுங்கள். பெட்டியின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே புதிதாக விரிசல் தெரிந்தால், மற்ற எதற்கும் முன்பாகப் பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்கள் நிறைந்த மேல் அலமாரி சமைப்பவரின் தலைக்கு மேல் தொங்குகிறது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் படி: தண்ணீரும் பூச்சியும் எங்கிருந்து வருகின்றன?

அவசரமாகத் தாண்டிப்போகக் கூடாத படி இதுதான். பழைய பலகை எதனால் கெட்டதோ அந்தக் காரணம் அப்படியே இருந்தால், விலையுயர்ந்த புதிய பலகையும் அதே வழியில் கெடும்.

தண்ணீர் வரும் வழிகள் பெரும்பாலும் சிலவே. தொட்டிக்கும் கிரானைட்டுக்கும் இடையிலுள்ள சிலிக்கான் விட்டுப்போய், மேடையில் சிந்தும் தண்ணீர் கீழே இறங்கலாம். கழிவுக்குழாயின் இணைப்பு கசியலாம். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் மெல்லிய கழிவுக்குழல் துளித்துளியாகச் சொட்டலாம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் அங்கிருந்து ஈரம் ஊறி வரலாம். தரையைக் கழுவும்போது பெட்டியின் அடிப்பகுதி நனையலாம். குழாய் இணைப்புகளின் கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: தொட்டியின் அடைப்பானைப் போட்டு நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த தாளால் ஒற்றிப் பாருங்கள். சுவரின் ஈரத்தை அறிய, ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை அலமாரியின் பின்சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒருநாள் முழுவதும் விட்டுவையுங்கள். எடுக்கும்போது சுவரைத் தொட்டிருந்த பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்படியானால் முதலில் பிளம்பரையும் கொத்தனாரையும் அழைக்க வேண்டும். தச்சருக்கும் பெயிண்டருக்கும் இன்னும் நேரம் வரவில்லை.

கரையானின் அடையாளம் சுவரோரமாகவும் பலகையின் பின்புறமாகவும் ஏறும் மண்குழாய்கள். விரல் முட்டியால் தட்டும்போது பலகை வெற்றொலி எழுப்பினால், மேலே மைக்கா முழுமையாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கக்கூடும். மரத்தைத் துளைக்கும் வண்டின் அடையாளம் வேறு: குண்டூசித் தலையளவு துளைகளும், அவற்றுக்குக் கீழே மாவுபோல் உதிர்ந்து கிடக்கும் மரத்தூளும் தெரியும். வண்டு துளைத்த மரம் உறுதியாகவே இருந்தால் மருந்து செலுத்தி, துளைகளை அடைத்துப் பயன்படுத்தலாம். கரையான் அப்படியல்ல. அது மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது. அலமாரியை மாற்றினாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். கட்டி முடித்த வீடுகளுக்கான கரையான் தடுப்பு முறையை ஐஎஸ் 6313 தரநிலையின் மூன்றாம் பகுதி விவரிக்கிறது. சுவரோரத்தில் துளையிட்டு மருந்தைச் செலுத்துவது அதன் முக்கியமான பகுதி. பழைய பெட்டிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பதற்கு முன், அந்த இடம் காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

நான்காம் படி: குறை தோற்றத்திலா, பயன்பாட்டிலா?

சமையலறையில் அதிக நேரம் நிற்பவரை உட்காரவைத்துக் கேளுங்கள். நிறம் பிடிக்கவில்லை, அழுக்குப் போகவில்லை என்பது ஒருவகைக் குறை. குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது, கீழ்த்தட்டின் பின்பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தை எடுக்கத் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது, கிரைண்டருக்கு இடமில்லை, மிக்ஸிக்குப் பக்கத்தில் பிளக் இல்லை என்பது வேறு வகை. இரண்டாவது வகையைப் பெயிண்ட் தீர்க்காது. ஆயினும் அது எல்லாவற்றையும் மாற்றுவதற்கான காரணமும் ஆகிவிடாது. உறுதியான பெட்டிக்குள் தட்டுகளை எடுத்துவிட்டுச் சேனல் (இழுப்பறை நகரும் தண்டவாளம்) வைத்த இழுப்பறைகளைப் பொருத்த முடியும். மேடையின் உயரமே தவறாக இருந்தால்தான் பெட்டிகளை மாற்றாமல் வழியில்லை. நின்று சமைப்பவரின் முழங்கை மடிப்புக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருப்பது வசதி என்பது பொதுவான கணக்கு.

பெட்டிமேல் நேரடியாகக் கிரானைட் உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 18 மி.மீ. கனமுள்ள கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ எடை இருக்கும். பத்தடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மேடை 90 கிலோவைத் தொடும். தொட்டிக்கும் அடுப்புக்கும் வெட்டிய இடங்களில் கல் குறுகியிருப்பதால், தூக்கும்போது அங்கே உடைவது சாதாரணம். கீழ்ப்பெட்டிகளை மாற்றும் செலவில் புதிய கல்லின் செலவையும், பின்சுவரின் டைல்ஸ் ஒரு வரிசை உடைந்தால் ஆகும் செலவையும் சேர்த்தே எழுதுங்கள். தச்சர் தரும் மதிப்பீட்டில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை.

ஐந்தாம் படி: கதவின் மேற்பரப்பு என்ன ஏற்கும்?

பெட்டி தேறிவிட்டது என்றால், இனிக் கதவுகளுக்கு வருவோம். எல்லாப் பரப்பும் பெயிண்டை ஒரேபோல் பிடித்துக்கொள்வதில்லை.

எனாமல் அடித்த மரக்கதவு மறுபூச்சுக்கு மிகவும் ஏற்றது. வெனீரும் (பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத்தாள்) தேக்கும் இருந்தால் பெயிண்டைவிட பாலிஷ்தான் என் பரிந்துரை. பழைய பூச்சைத் தேய்த்தெடுத்து மெலமைன் அல்லது பியூ (பாலியூரிதேன்) பூச்சுக் கொடுத்தால் மரத்தின் வரிகள் மீண்டும் தெளியும். எம்டிஎஃப் கதவில் விளிம்புகள் உறிஞ்சும் என்பதால் அங்கே மட்டும் பிரைமர் கூடுதலாகத் தேவைப்படும். சில கதவுகளில் எம்டிஎஃப் மேல் பிவிசி மெம்பிரேன் ஒட்டியிருப்பார்கள். அது அடுப்பின் சூட்டில் உரியத் தொடங்கியிருந்தால், படலத்தை முழுவதும் உரித்தெடுத்த பிறகே பெயிண்ட் அடிக்கலாம். அக்ரிலிக் கதவுக்கும் முழுப் பிவிசி கதவுக்கும் பெயிண்ட் அடிப்பதில் பயனில்லை.

நம் வீடுகளில் மிகுதியாக இருப்பது மைக்கா. அதன்மேல் பெயிண்ட் அடிக்க முடியும்: பளபளப்புப் போகத் தேய்த்து, வழுக்கும் பரப்புகளில் ஒட்டுவதற்கென்று விற்கும் தனிப் பிரைமரை அடித்தால் பிடிக்கும். ஆனாலும் நாள்தோறும் எண்ணெய்ப் புகையும் ஈரத்துணியும் படும் அடுப்பருகே அந்தப் பூச்சு விளிம்புகளில் பெயரத் தொடங்குகிறது. மைக்கா கதவு உறுதியாக இருந்தால், அதன் வெளிமுகத்துக்கு மட்டும் 1 மி.மீ. புதிய மைக்கா ஒட்டி, புதிய எட்ஜ் பேண்டு (விளிம்பில் ஒட்டும் பட்டை) போடுவதே பெயிண்டைவிட நெடுநாள் உழைக்கும் வழி. பழைய மைக்காவின்மேல் ஒட்டும்போது கதவின் கனம் கூடும். கீல்களைத் திருத்தி இடைவெளியை மீண்டும் அமைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தச்சரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மைக்காவுக்குப் பெயிண்ட்தான் என்று முடிவுசெய்தால், ஒரே ஒரு கதவின் உட்பக்கத்தில் ஓரடி அகலத்துக்கு முழு முறையையும் செய்து பாருங்கள். ஒரு வாரம் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால் அந்த முறையை அத்துடன் விட்டுவிடலாம்.

ஆறாம் படி: கணக்கும் முடிவும்

பெட்டிகளும் நன்றாக இருந்து அமைப்பும் பிடித்திருந்தால் கதவின் மேற்பரப்பைப் புதுப்பியுங்கள். பெட்டி நன்றாக இருந்து கதவுகள் மட்டும் ஊதியிருந்தால் கதவுகளை மட்டும் மாற்றுங்கள். கீழ்ப்பெட்டிகள் கெட்டு மேல் அலமாரிகள் நன்றாக இருந்தால் கீழே மட்டும் மாற்றுங்கள். பழைய மைக்காவின் நிறம் கடையில் கிடைக்காது என்பதால், கீழே அடர்ந்த வேறு நிறம் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட்டால் பொருத்தம் தேடி அலைய வேண்டாம். பெட்டிகளில் பாதிக்கு மேல் இத்துப்போயிருந்தாலோ, பார்ட்டிகிள் போர்டு பல இடங்களில் ஊதியிருந்தாலோ, மேடையின் உயரமே மாற வேண்டியிருந்தாலோ முழுவதையும் மாற்றுவதே சரி.

இடையில் நிற்கும் வீடுகளுக்குத்தான் கணக்கு தேவைப்படுகிறது. கீழ் அலமாரி 14 அடி நீளம், இரண்டரை அடி உயரம் என்றும், மேல் அலமாரி 10 அடி நீளம், 2 அடி உயரம் என்றும் வைத்துக்கொள்வோம். முன்முகம் 35-உம் 20-உம் சேர்ந்து 55 சதுர அடி. பெயிண்ட் என்றால் கதவின் இரண்டு பக்கமும் சேர்த்து 110 சதுர அடியோடு விளிம்புகளும் உண்டு. மைக்கா என்றால் எட்டுக்கு நான்கடித் தாள் ஒன்று 32 சதுர அடி; இரண்டு தாள்கள் போதும் என்று கணக்குக் காட்டினாலும், வரிகளின் திசையைப் பார்த்து வெட்டும்போது கழிவு வரும் என்பதால் மூன்று வாங்க வேண்டியிருக்கும். புதிதாகச் செய்வதற்கான மதிப்பீட்டை வாங்கும்போது, சதுர அடி விலை முன்முகத்துக்கா அல்லது பெட்டியின் பலகை முழுவதற்குமா, நீளத்தை மட்டும் அளந்து சொல்லும் ரன்னிங் அடி விலையில் மேல் அலமாரியும் அடங்குமா, கீலும் சேனலும் உள்ளா வெளியா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை வாங்காமல் இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிட முடியாது.

பழுது பார்த்தல், கீல்கள், பூச்சு, கூலி எல்லாம் சேர்ந்து புதிதாகச் செய்யும் செலவில் பாதியை எட்டினால் நான் மாற்றும் பக்கம் சாய்வேன். மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் தயங்காமல் புதுப்பிப்பேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கீலையும் கைப்பிடியையும் மட்டும் மாற்றிக்கொண்டு, மற்றதை உரிமையாளரிடம் விடுவது நல்லது.

ஏழாம் படி: வண்ணம் பூசுவதென்றால்

பருவத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களில் இந்த வேலையைத் தவிர்க்க வேண்டும். ஈரக்காற்றில் லாக்கர் (மர மெருகு) வகைப் பூச்சுகளில் வெண்படலம் விழும், எனாமல் காய நெடுநேரம் ஆகும். பொங்கலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற ஆவல் புரிகிறது. ஆனாலும் தை பிறந்த பிறகு வரும் வறண்ட வாரங்கள் இதற்கு நன்றாக உதவும்.

வேலை தொடங்கும் முன் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. பூச்சு நடக்கும் இடத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

கதவுகளைக் கழற்றும்போது கீல் பதியும் குழிக்குள் எண் எழுதி, அதே எண்ணைப் பெட்டியிலும் குறியுங்கள்; திருகாணிகளைக் கதவு வாரியாகத் தனித்தனிக் கவரில் போடுங்கள். அடுத்தது கழுவுதல். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கை முழுமையாக எடுத்தாக வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அது மரத்துக்குள் இறங்கி, பூச்சை அங்கங்கே விலக்கிவிடும். வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவமும் சிறிது சலவை சோடாவும் கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். தேக்குக்கும் வெனீருக்கும் சோடா வேண்டாம், சோப்பு மட்டும் போதும்.

பழைய எனாமல் கதவுகளைத் தேய்க்கும்போது ஈயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், தூள் பறக்காதபடி நீர் தொட்டுத் தேய்ப்பதும், தரமான முகக்கவசம் அணிவதும், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்தப் பக்கம் வரவிடாமல் இருப்பதும் கட்டாயம். தேய்த்த கழிவைத் துடைத்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், பெருக்க வேண்டாம்.

கைப்பிடி மாறுவதானால் பழைய துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து, 96 மி.மீ. அல்லது 128 மி.மீ. என்று அதே அளவில் வாங்கினால் துளை அடைக்கும் வேலை மிச்சம். அடைப்பதானால் மரத்துக்கான ஃபில்லரோ என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியோ பயன்படுத்துங்கள். சுவருக்கு வாங்கிய வெள்ளை சிமெண்ட் பட்டியைக் கதவில் தடவ எந்தப் பெயிண்டரையும் அனுமதிக்காதீர்கள். கதவு அடிக்கடி திறந்து மூடப்படும் அதிர்வில் அது விரிந்து பெயர்ந்துவிடும்.

180 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒரு பூச்சு பிரைமர் கொடுங்கள். அது காய்ந்ததும் 220 அல்லது 320 எண்ணால் லேசாகத் தேய்த்து முதல் பூச்சு. ஓரிரவு கழித்து 320 அல்லது 400 எண்ணால் மீண்டும் தேய்த்து இரண்டாம் பூச்சு. கனமாக ஒரு பூச்சு அடிப்பதைவிட மெல்லிதாக மூன்று அடிப்பது மேல். கதவின் பின்பக்கத்தை முதலில் முடித்துக்கொண்டு, கடைசியில் முகப்பக்கத்தை அடித்தால் திருப்பும்போது ஏற்படும் தடங்கள் வெளியே தெரியாது. வெள்ளை நிறம் வேண்டுவோர் நீர் கலந்த அக்ரிலிக் எனாமலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எண்ணெய் எனாமலின் வெண்மை வெளிச்சம் குறைந்த இடத்தில் காலப்போக்கில் மஞ்சளாகும். முற்றிலும் மங்கலான பூச்சில் மஞ்சள்தூள் கறை பிடித்துக்கொள்ளும் என்பதால் நம் சமையலறைக்குப் பாதிப் பளபளப்பு ஏற்றது. இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் பியூ பெயிண்ட் மிகவும் உறுதியானது. ஆனால் அதன் கெட்டிப்பானில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். அதை ஸ்ப்ரே செய்வது பட்டறையில், உரிய சுவாசக் கவசத்தோடு நடக்க வேண்டிய வேலை.

தொட்டால் ஒட்டாத நிலை வருவதும் முழுமையாக இறுகுவதும் வேறு வேறு. மாட்டிய பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஈரத்துணியால் துடைக்காமலும், கதவுகளை ஓங்கிச் சாத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: மாற்றுவதென்றால்

பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று முதலில் வகுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பெட்டிகளுக்கு, குறைந்தது தொட்டிப் பெட்டிக்காவது, ஐஎஸ் 710 பிளைவுட் வையுங்கள். கதவின் பளபளப்பைக் குறைத்துக்கொண்டாவது இதைச் செய்யுங்கள். கதவைப் பிற்பாடு மாற்றலாம், கல்லுக்கு அடியில் இருக்கும் பெட்டியை எளிதில் மாற்ற முடியாது. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபாருங்கள். பலகை இறங்கும் நாளில் வீட்டில் இருந்து, முத்திரையைப் படமெடுத்து, ரசீதில் ரகமும் கனமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் கூடு 18 மி.மீ. பலகையாக இருப்பது நல்லது.

கடலோர ஊர்களில் கீல்கள் 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். மூன்றடிக்கு மேல் உயரமான கதவுக்கு மூன்று கீல்கள் வேண்டும். பெட்டி நான்கு அங்குல பிவிசி கால்கள்மேல் நிற்கட்டும், முன்னால் கால்களை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பலகை கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். தரை கழுவும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. சிலிண்டர் வைக்கும் பெட்டியில் கதவின் அடிப்பகுதியிலேயே காற்றுத் துளைகள் கேளுங்கள், ஏனெனில் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரமாகவே தேங்கும். புதிய பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாடை வரும் என்பதால் முதல் சில வாரங்கள் கதவுகளைத் திறந்துவைத்துச் சன்னல்களையும் திறந்துவிடுங்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று தச்சர் சொன்னதும், டார்ச்சோடு தொட்டிப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக் குழாய் நுழையும் துளைகளின் வெட்டுமுகங்களைப் பாருங்கள். வெறும் மரம் தெரிந்தால் அங்கே பிரைமரும் சிலிக்கானும் போடச் சொல்லுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அந்த வெட்டுமுகங்கள் வழியாகத்தான். பிறகு தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே விரித்த காய்ந்த செய்தித்தாளில் ஒரு துளிகூட விழவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.